வெடியுப்பும் எவர்சில்வர் தொட்டியும்

நம் ஊரில் உப்பை இரும்பு டப்பாவில் யாரும் போட்டு வைப்பதில்லை. பீங்கான் ஜாடி, மரவை, இப்போது பிளாஸ்டிக் டப்பா. ஏன் என்று பாட்டியைக் கேட்டால் "இரும்பை அரிச்சுடும்டா" என்பதோடு முடித்துவிடுவாள். கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கும் இது தெரியும். பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிக்கு எத்தனை கோட்டிங் பெயிண்ட் அடித்தாலும் நாலு வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்துவிடும்.

அப்படி வளர்ந்தவனிடம் போய், "முப்பதாயிரம் டன் உப்பை உருக்கி, 565 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஓர் எஃகுத் தொட்டியில் ஊற்றி வைக்கிறார்கள்" என்று சொன்னால் 'இது உருப்படுமா?' என்றுதான் முதலில் தோன்றும். சூரிய வெப்ப மின்நிலையங்களில் அதைத்தான் செய்கிறார்கள். பகலில் கண்ணாடிகள் குவிக்கிற வெயிலை உருகிய உப்பில் சேர்த்து வைப்பது. இருட்டிய பிறகு அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி டர்பைனை ஓட்டுவது. மொட்டைமாடியில் வைக்கும் சோலார் பேனல் அல்ல இது. அதில் சூடு வேலை செய்வதில்லை, வெளிச்சம் வேலை செய்கிறது.

2016 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் அப்படி ஒரு தொட்டி கசிந்தது. டோனோபா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள கிரெசன்ட் டியூன்ஸ் மின்நிலையம். எட்டு மாதத்துக்கு மேல் ஆலை நின்றது. "பார்த்தீர்களா, உப்பு தொட்டியைத் தின்றுவிட்டது" என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் பிழைப்பு பரோடா பக்கத்து ரசாயன ஆலைகளில் குழாய்கள், தொட்டிகளின் தடிமனை அளந்து, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது. அதனால் இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. உப்புதான் குற்றவாளியா? இதற்குப் பதில் சொல்ல ஒரு எண்பது வருஷக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இது சாப்பாட்டு உப்பு இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தத் தொட்டிகளில் இருப்பது நம் குழம்பு உப்பான சோடியம் குளோரைடு அல்ல. நூற்றுக்கு 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் எடையளவில் கலந்த கலவை. இதில் பொட்டாசியம் நைட்ரேட்தான் நம் ஊர் வெடியுப்பு. சித்த மருத்துவர்கள் திராவகம் வடிக்கவும், சிவகாசிக்காரர்கள் மத்தாப்பு செய்யவும் பயன்படுத்துவது.

வெடியுப்புக்கு இந்தியாவில் பெரிய சரித்திரமே உண்டு. வடக்கே இதற்குப் பெயர் 'ஷோரா'. பீகாரில் ஆடுமாடுகள் கட்டிய இடங்களிலும் பழைய மண்சுவர் ஓரங்களிலும் பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். நூனியா என்ற சமூகத்தாரின் குலத்தொழில் அது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வெடித்த துப்பாக்கிகளுக்கு வெடிமருந்து இந்த மண்ணிலிருந்து போனது. பிளாசிப் போருக்கு அடுத்த வருஷம், 1758-ல், பாட்னா வெடியுப்பு வியாபாரம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்குக் கொண்டுவந்தது.

மற்றொரு பங்கான சோடியம் நைட்ரேட்டின் தாயகம் தென் அமெரிக்காவின் அடகாமா பாலைவனம். அதற்காகவே சிலி ஒரு பக்கமும் பெரு, பொலிவியா மறு பக்கமுமாக 1879 முதல் 1884 வரை போரிட்டன. ஜெயித்த சிலிக்கு நைட்ரேட் நிலங்கள் போயின. பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. பிறகு காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கும் ஹேபர்-போஷ் முறை வந்து அந்த வியாபாரம் படுத்தது. ஆனால் அடகாமா உப்பு இன்றும் வெட்டப்படுகிறது. சூரிய மின்நிலையங்களுக்கும் அங்கிருந்து உப்பு போயிருக்கிறது.

இந்தப் பூர்வீகத்தை நான் சும்மா இழுக்கவில்லை. பாலைவன மண்ணில் நைட்ரேட் தனியாக இருப்பதில்லை. கூடவே குளோரைடும் சல்ஃபேட்டும் மெக்னீசியமும் இருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த 'கொஞ்சம்' கதையில் திரும்ப வரும்.

எண்ணெய்க்காரர்கள் ஆரம்பித்து வைத்தது

உருகிய நைட்ரேட்டைச் சூடு சுமக்கும் கூலியாளாக முதலில் அமர்த்தியவர்கள் சூரிய சக்திக்காரர்கள் இல்லை, பெட்ரோலியக்காரர்கள். 1930களின் பிற்பகுதியில் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கனமான எண்ணெயை வினையூக்கி வைத்து உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் முறையை அமெரிக்காவில் ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். வினையூக்கியின் மேல் படியும் கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போது ஏராளமாக வெப்பம் கிளம்பும். அதை எடுத்துக்கொண்டு போக ஏதாவது ஒரு திரவம் வேண்டும். தண்ணீர் என்றால் அந்தச் சூட்டில் பயங்கர அழுத்தம். எண்ணெய் என்றால் தீப்பிடிக்கும், கருகும். அப்போது கிடைத்த விடைதான் பொட்டாசியம் நைட்ரேட் 53, சோடியம் நைட்ரைட் 40, சோடியம் நைட்ரேட் 7 என்ற விகிதத்தில் ஒரு கலவை. 142 டிகிரியிலேயே உருகிவிடும். அழுத்தம் கிடையாது, எரியாது. பிற்பாடு 'ஹைடெக்' என்ற வணிகப் பெயரில் பிரபலமானது இதுதான்.

இது எஃகை அரித்ததா? நானூறு, நானூற்றைம்பது டிகிரிக்குள் பெரிதாக இல்லை. இதுதான் பாட்டியின் வேதியியலுக்குப் புரியாத இடம்.

எஃகு எப்போதும் தன் மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் கருஞ்செதில் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்சைடு. அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு, விரிசல் விடாமல் இருந்தால் உள்ளே இருக்கும் உலோகம் பிழைத்தது. கடல் காற்றில் வரும் துரு பஞ்சு மாதிரி. நீரையும் காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். உருகிய நைட்ரேட்டோ ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுக்கும் உப்பு. எஃகைத் தொட்டதுமே கறுப்பாக, அடர்த்தியாக ஒரு தோலை அதுவே வளர்த்துவிடுகிறது. லேத் பட்டறைகளில் போல்ட்டுகளுக்கு 'பிளாக்கனிங்' போடுவார்களே, அந்தக் கறுப்புத் தொட்டியில் காஸ்டிக் சோடாவோடு போடுவதும் நைட்ரேட், நைட்ரைட் உப்புதான். துருவைத் தடுக்க உப்பில் முக்கி எடுக்கிறோம்!

ஆனால் இந்த நட்புக்கு மூன்று நிபந்தனைகள். ஒன்று, சூடு எல்லை தாண்டக் கூடாது. அறுநூறு டிகிரியைத் தொடும்போது நைட்ரேட் நைட்ரைட்டாகச் சிதைவதும், நைட்ரைட் மேலும் உடைந்து கார ஆக்சைடுகளை உண்டாக்குவதும் வேகம் பிடிக்கிறது. அவை அந்தத் தோலையே தாக்கும். 565 டிகிரி என்ற எல்லை வைத்ததற்கு உலோகத்தின் பலவீனத்தைவிட உப்பின் பலவீனமே பெரிய காரணம். இரண்டு, குளோரைடு அதிகம் இருக்கக் கூடாது. அது தோலை நொய்மையாக்கிவிடும். மூன்று, குரோமியம். எவர்சில்வரைக் காற்றில் காப்பாற்றும் காவலன் அது. நைட்ரேட்டில் அது குரோமேட்டாக மாறி மெல்லக் கரைந்து உப்புக்கு மஞ்சள் நிறம் தரும். இரும்பின் ஆக்சைடு பின்னால் நின்று காப்பதால் கரைதல் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

ஓக் ரிட்ஜ் கற்ற பாடம்

எல்லா உப்பும் இப்படி நட்பாக இருக்காது என்பதைக் கண்டுகொண்டவர்கள் அணு விஞ்ஞானிகள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1954-ல், விமானத்தில் வைக்க ஓர் அணு உலை என்ற விசித்திர ஆசையில், யுரேனியம் கரைந்த ஃபுளோரைடு உப்பை இன்கோனல் குழாய்களில் ஓடவிட்டார்கள். ஃபுளோரைடில் ஆக்சைடு தோல் நிற்காது, கரைந்துவிடும். உலோகம் அம்மணமாக உப்புக்குள் நிற்கவேண்டியதுதான். கலவையில் எந்தத் தனிமம் எளிதில் ஃபுளோரைடாக மாறுமோ அதை உப்பு முதலில் உருவிக்கொள்ளும். அதுவும் குரோமியம்தான்.

அவர்கள் செய்தது இரண்டு காரியம். குரோமியத்தை ஏழு சதவீத அளவுக்குக் குறைத்து, நிக்கலும் மாலிப்டினமும் கூட்டி ஒரு புது உலோகக் கலவை செய்தார்கள். அது பிறகு ஹாஸ்டெலாய்-என் என்று பெயர் பெற்றது. அடுத்தது, உப்பைத் துளி ஈரம் இல்லாமல் சுத்தமாக வைத்தார்கள். பெரிலியம் உலோகத்தை உப்பில் முக்கி அதன் அரிக்கும் பசியை அடக்கினார்கள். 1965 முதல் 1969 வரை ஓடிய அவர்களின் உருகிய உப்பு உலையில் அரிப்பு கட்டுக்குள்தான் இருந்தது. வேறு சிக்கல் வந்தது. யுரேனியம் பிளவுபடும்போது பிறக்கும் டெலூரியம், உலோகப் படிகங்களின் எல்லைக்கோடுகளில் புகுந்து மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் விட்டது. முகம் முழுவதும் சீராகத் தேய்வது வேறு, ஒரு கோட்டில் கிழிவது வேறு என்று அப்போதே தெரிந்திருந்தது. நினைவில் வையுங்கள்.

வெயிலைத் தொட்டியில் ஊற்றியவர்கள்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லோருக்கும் சூரியன் ஞாபகம் வந்தது. கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ அருகே 1982-ல் 10 மெகாவாட் 'சோலார் ஒன்' கோபுரம் எழுந்தது. அதில் கோபுர உச்சியில் நேரடியாக நீராவி. மேகம் ஒன்று கடந்தால் டர்பைன் திணறும். பிரான்ஸின் பிரெனீஸ் மலையில் தெமிஸ் என்ற 2.5 மெகாவாட் நிலையம் 1983 முதல் 1986 வரை ஹைடெக் உப்பில் ஓடியது. அங்கே சூடு 450 டிகிரிக்குள்.

அசல் பரீட்சை 'சோலார் டூ'. அதே பார்ஸ்டோ கோபுரத்தை மாற்றிக் கட்டி, 1996 முதல் 1999 வரை 60-40 நைட்ரேட் கலவையில் ஓட்டினார்கள். 290 டிகிரி 'குளிர்ந்த' தொட்டிக்குச் சாதாரணக் கார்பன் ஸ்டீல். 565 டிகிரி சூடான தொட்டிக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு முறை இரவு பகலாகக் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிற்காமல் மின்சாரம் தந்தது. வெயில் அடிக்கும்போது மட்டுமே சூரிய மின்சாரம் என்ற பேச்சு அன்று முடிவுக்கு வந்தது.

பாலைவன மண்ணின் அந்தக் 'கொஞ்சம்' இங்கே தலைகாட்டியது. உப்பில் இருந்த மெக்னீசியம் நைட்ரேட் முதல் முறை உருக்கும்போதே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுப் புகையைக் கிளப்பியது. கோபுர உச்சியில் வெயில் வாங்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்களில் விரிசல் விழுந்தது. குழாய் சுவர் தேய்ந்து மெலிந்ததால் அல்ல. உலோகத்தில் இழுவிசை, ஓரத்தில் குளோரைடு, குளிர்ந்திருக்கும்போது ஈரம் என்று மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால். மாற்றுக் குழாய்க்கு நிக்கல் அதிகமுள்ள கலவையை நாடினார்கள்.

அதே சமயம் சாண்டியா ஆய்வகத்தில் பொறுமையாக ஒரு வேலை நடந்தது. பல தரத்து வணிக உப்புகளை உருக்கி, அதில் சின்னச் சின்ன உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டு, ஆயிரக்கணக்கான மணி நேரம் கழித்து எடுத்து நிறுத்தார்கள். எங்கள் தொழிலில் இதற்குக் 'கூப்பன்' என்று பெயர். 2004-ல் வெளியான முடிவு இது: 570 டிகிரியில் 304, 316 வகை ஸ்டீல்கள் ஆண்டுக்கு 6 முதல் 15 மைக்ரான் தேயும். 316 டிகிரியில் கார்பன் ஸ்டீல் 1 முதல் 4 மைக்ரான்.

இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள். மோசமான எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 மைக்ரான் வீதம் முப்பது வருஷத்துக்கு 450 மைக்ரான். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தொட்டியின் அடித்தகடு அதைப்போலப் பல மடங்கு தடிமன். என்னிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் நானும் 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். காகிதத்தில் உப்பு நிரபராதி.

நெவாடாவில் நடந்தது என்ன

2008-ல் ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில் 'அண்டாசோல்' திறந்தது. 50 மெகாவாட், 28,500 டன் உப்பு, ஏழரை மணி நேரச் சேமிப்பு. அங்கே வெயிலை வாங்குவது எண்ணெய் என்பதால் உப்பின் சூடு 386 டிகிரியைத் தாண்டாது. கார்பன் ஸ்டீலே போதும். 2011-ல் செவியா மாகாணத்தில் 'ஹெமாசோலார்' கோபுரம் வந்தது, 19.9 மெகாவாட், பதினைந்து மணி நேரச் சேமிப்பு, 565 டிகிரி. அந்தக் கோடையிலேயே 24 மணி நேரமும் மின்சாரம் தந்து காட்டியது.

அடுத்து கிரெசன்ட் டியூன்ஸ். ஒரேயடியாக 110 மெகாவாட். பத்தாயிரத்துக்கு மேல் கண்ணாடிகள், பத்து மணி நேரச் சேமிப்பு. அமெரிக்க அரசு 73.7 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2015 கடைசியில் மின்சாரம் வந்தது. ஒரே வருஷத்தில் சூடான தொட்டி கசிந்தது. 2017 ஜூலையில் திரும்ப ஓடியது. 2019-ல் தொட்டி மறுபடியும் படுத்தது. மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம் அந்த ஆண்டே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2020-ல் திவால். அரசுக்குத் திரும்பக் கிடைத்தது 20 கோடி டாலர். 2021-ல் ஆலை மீண்டும் ஓடத் தொடங்கியது என்றாலும் போன பெயர் போனதுதான்.

மொரோக்கோவின் வர்சசாத் அருகே உள்ள 150 மெகாவாட் 'நூர் 3' நிலையத்திலும் 2024-ல் இதே கதை. சூடான தொட்டியில் கசிவு, மாதக்கணக்கில் நிறுத்தம்.

ஆண்டுக்குப் பதினைந்து மைக்ரான் தேயும் உலோகம் ஒரு வருஷத்தில் எப்படி ஓட்டையாகும்? கணக்கு ஒத்துவரவில்லையே?

கிரெசன்ட் டியூன்ஸின் சூடான தொட்டி நாற்பது மீட்டருக்கு மேல் விட்டம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் நன்றாகவே விரியும் உலோகம். சாதாரண சூட்டிலிருந்து 565-க்குப் போகும்போது நாற்பது மீட்டர்த் தகடு கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் நீள வேண்டும். இரயில் தண்டவாளத்துக்கு இடைவெளி விடுகிறோம். இந்தத் தகட்டுக்கு எங்கே விடுவது? அது அஸ்திவாரத்தின் மேல் தடையின்றி வழுக்கிக்கொண்டு போகும் என்பது திட்டம். ஆனால் தொட்டி நிறைந்திருக்கையில் தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் பதினைந்து டன்னுக்குக் குறையாமல் உப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த எடையில் உராய்வு தகட்டைப் பிடித்துக்கொள்ளும். மேகம் வந்தால் கோபுரத்திலிருந்து வரும் உப்பின் சூடு குறையும். தரையின் ஒரு பகுதி சுருங்கப் பார்க்கும், பக்கத்துப் பகுதி விடாது. இது தினமும். தகடு மேடு பள்ளமாக நெளிய ஆரம்பிக்கும்.

இத்தோடு வெல்டிங். அந்தத் தொட்டி 347எச் என்ற வகை. நியோபியம் சேர்த்து, அதிக சூட்டிலும் பலமாக இருக்கும்படி செய்த ஸ்டீல். பலம்தான் இங்கே வினை. வெல்டிங் ஆறும்போது உள்ளே ஓர் இறுக்கம் உறைந்து நிற்கும். தொட்டி வேலைச்சூட்டுக்கு வந்ததும் அந்த இறுக்கம் தளர்ந்து வெளியேறப் பார்க்கும். உலோகத்தின் படிகமணிகள் நியோபியத்தால் உள்ளே விறைத்துக் கிடப்பதால் வளைந்து கொடுக்காது. எல்லாத் தளர்வும் மணிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய எல்லைக்கோட்டில் வந்து விழும். அங்கே கிழியும். சின்ன வேலை என்றால் வெல்டிங் முடிந்ததும் உலையில் வைத்துச் சூடாக்கி இந்த இறுக்கத்தை எடுத்துவிடுவோம். நாற்பது மீட்டர்த் தொட்டியைப் பாலைவனத்தில் எந்த உலையில் வைப்பது? அமெரிக்க தேசிய ஆய்வகங்கள் பின்னர் செய்த ஆய்வுகள் விரல் நீட்டியது இந்தப் பக்கம்தான்: தரை, உராய்வு, சீரற்ற சூடு, வெல்டிங் இறுக்கம்.

ஆக உப்பு தொட்டியைத் தின்னவில்லை. தொட்டி தன்னைத்தானே கிழித்துக்கொண்டது. உப்பை முழுவதுமாக விடுவிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் பாதுகாப்புத் தோல் இல்லை. புது உலோகம் உப்பைப் பார்க்கும், விரிசல் முனையில் அரிப்பு தன் பங்கைச் செய்யும். ஆனால் ஆரம்பித்து வைத்தது அது இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சாண்டியாவின் கூப்பன்கள் பொய் சொல்லவில்லை. அவை கம்பியில் சுதந்திரமாகத் தொங்கின. யாரும் இழுக்கவில்லை, மேலே எடை இல்லை, அப்படித் தொங்கும் தகட்டுக்கு விரிந்து சுருங்க எந்தத் தடையும் கிடையாது. 'உப்பு இந்த உலோகத்தை எவ்வளவு தேய்க்கும்' என்று கேட்டார்கள். சரியான பதில் வந்தது. அந்தப் பதிலை 'இந்தத் தொட்டி எவ்வளவு நாள் தாங்கும்' என்ற கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. தேய்மானத்தை அளப்பது சுலபம், தராசு போதும். தரைக்கடியில் எந்த வெல்டிங் எவ்வளவு இழுபடுகிறது என்று அளப்பது கஷ்டம். பரோடாவிலும் நாங்கள் கருவியை வைத்துத் தடிமன்தான் அளக்கிறோம். தடிமன் சரியாக இருக்கும் குழாய் அடுத்த மாதம் விரிசல் விட்டதை இந்தத் தொழிலில் பார்க்காதவர் இல்லை.

உப்பு உண்மையிலேயே தோற்ற இடம்

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். நைட்ரேட் 565-க்கு மேல் போகாது என்பதால், எழுநூறு டிகிரிக்கு மேல் போகக் குளோரைடு உப்புகளைப் பயன்படுத்தலாமா என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2018-ல் பெரிய ஆய்வைத் தொடங்கியது. மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் குளோரைடுகளின் கலவை. விலை மலிவு, நல்ல சூடு தாங்கும். ஆனால் துளி ஈரமோ காற்றோ பட்டால் போதும், அமிலம் உண்டாகி, தோல் இல்லாத உலோகத்திலிருந்து குரோமியத்தை உருவும். ஓக் ரிட்ஜ் பாடம்தான், எழுபது வருஷம் கழித்து. 2021-ல் உப்பு, வாயு, மணல் போன்ற திண்மத் துகள் என்ற மூன்று வழிகளில் துகளைத் தேர்ந்தெடுத்துப் பரிசோதனைக் கோபுரம் கட்ட சாண்டியாவுக்குப் பணம் ஒதுக்கினார்கள். மணல் உறையாது, சிதையாது, அரிப்பு என்ற தலைவலி பெரிதாகக் குறையும். பாட்டியின் தீர்ப்பு கடைசியில் குளோரைடு விஷயத்தில் செல்லுபடியாயிற்று.

நமக்கு இதில் என்ன?

2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் சூரிய வெப்பத்துக்கு மட்டும் 470 மெகாவாட், ஏழு திட்டங்கள் கொடுத்தார்கள். முடிந்தவை சொற்பம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் நோக் என்ற இடத்தில் 50 மெகாவாட் நிலையம் 2013-ல் ஓடத் தொடங்கியது. அதில் உப்புத் தொட்டி கிடையாது. சூரியன் மறைந்தால் வேலை முடிந்தது. அதற்குள் சோலார் பேனல் விலை சரிந்து, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் சார்பில் 2017-ல் முடிந்த ஒரு மெகாவாட் நிலையம் மட்டும் சுவாரசியமான வேறு வழி போனது. உப்பே வேண்டாம் என்று, வார்ப்பிரும்புக் கட்டிகளில் சூட்டைச் சேர்த்து வைத்தார்கள்.

இந்த இடைவெளியில் சீனா டெலிங்கா, துன்ஹுவாங் போன்ற இடங்களில் உப்புக் கோபுரங்களைக் கட்டி 2018 முதல் ஓட்டிக்கொண்டு, பிரச்சினைகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது. நம்மிடம் பகலில் சோலார் மின்சாரம் மலிந்துவிட்டது. தட்டுப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்குமேல். பேட்டரியோ, அணையில் நீரேற்றுவதோ, உப்போ, ஏதாவது ஒன்று அந்த நேரத்தைச் சுமந்தாக வேண்டும். என்றாவது ஒருநாள் ராஜஸ்தானிலோ கட்ச்சிலோ ஒரு பெரிய உப்புத் தொட்டிக்கு டெண்டர் வரலாம். அப்போது "ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் அரிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துவிடக் கூடாது. தரைத்தகடு எதன்மேல் வழுக்கப்போகிறது? வெல்டிங்கின் இறுக்கத்தை எப்படி எடுத்தீர்கள்? முதல் முறை சூடேற்ற எத்தனை நாள் பொறுப்பீர்கள்? மேகம் வரும் நாளில் அரைகுறைச் சூட்டில் வரும் உப்பை எந்தத் தொட்டிக்கு அனுப்புவீர்கள்? அடியில் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் தெரியும்? இவைதான் நெவாடாவும் மொரோக்கோவும் கோடிக்கணக்கில் செலவழித்து எழுதிய கேள்வித்தாள். நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

கொசுறு: 2021-ல் சிலியின் அடகாமா பாலைவனத்தில் 'செர்ரோ டொமினடோர்' என்ற 110 மெகாவாட் உப்புக் கோபுரம் திறக்கப்பட்டது. பதினேழரை மணி நேரச் சேமிப்பு. எந்த உப்புக்காக நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று நாடுகள் அடித்துக்கொண்டனவோ, அதே உப்பு அதே பாலைவனத்தில் இப்போது ராத்திரிக்கு விளக்கெரிக்கச் சூடு சுமக்கிறது.